மேலுறையாம் மேலுறை!

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் யாரும் கிரிஃபித்தின் எலிகளை மறந்திருக்க மாட்டார்கள். 1928. நிமோனியா பாக்டீரியாவில் இரண்டு ரகம். வழவழவென்று இருப்பது எஸ், சொரசொரப்பானது ஆர். எஸ்ஸை ஊசி போட்டால் எலி செத்துப்போகும், ஆரைப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். சூடாக்கிக் கொன்ற எஸ்ஸையும் உயிருள்ள ஆரையும் கலந்து போட்டால்... எலி மறுபடி செத்துப்போகும்! படம் வரைந்து பாகம் குறித்தால் முழு மதிப்பெண்.

கதையின் முடிவும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆரை எஸ்ஸாக மாற்றிய பொருள் டி.என்.ஏ. என்று 1944ல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். கைதட்டல், திரை. ஆனால் எலியைக் கொன்றது எது? டி.என்.ஏ.வா கொன்றது? எஸ்ஸிடம் இருந்து, ஆரிடம் இல்லாமல் போனது உடம்பைச் சுற்றிய சர்க்கரைப் போர்வை. டி.என்.ஏ. செய்ததெல்லாம் அந்தச் சர்க்கரையைத் தயாரிக்கும் வித்தையைத் திருப்பிக் கொடுத்ததுதான். கொலைகாரனை விட்டுவிட்டு, அவனுக்குக் கத்தி செய்யக் கற்றுக்கொடுத்த புத்தகத்தை மட்டும் கொண்டாடுகிற கதை இது.

ஏவரிக்கு இது நன்றாகவே தெரியும். டோஷே என்பவரோடு சேர்ந்து 1917லேயே, நிமோனியா நோயாளிகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாக்டீரியா கக்கிய ஏதோ ஒரு பொருள் கரைந்து கிடப்பதைக் கண்டார். 1923ல் மைக்கேல் ஹைடல்பெர்கரும் அவரும் அது சர்க்கரை என்று சொன்னபோது, புரதம் தவிர வேறு எதையும் உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணாது என்று நம்பிக்கொண்டிருந்த பெரியவர்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதம் பாக்டீரியா விஷயத்தில் ஒருவழியாகக் கரைந்தது. ஹிப் தடுப்பூசி, நிமோகாக்கல் தடுப்பூசி எல்லாம் சர்க்கரையை வைத்துச் செய்தவைதான். (2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் முதலில் அறிமுகமான பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கும் ஐந்தில் ஒன்று இந்த ஹிப்.) பூஞ்சை விஷயத்தில் மட்டும் பிடிவாதம் இன்னும் கரையவில்லை. அதற்கு விலை கொடுப்பவர்கள் பேராசிரியர்கள் அல்ல, நோயாளிகள்.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இங்கே சர்க்கரை என்றால் காபியில் போடுவது அல்ல, 'சுகர் இருக்கா?' என்று டாக்டர் கேட்பதும் அல்ல. மானோஸ், சைலோஸ், கேலக்டோஸ் போன்ற சின்னச் சர்க்கரைகளை ஆயிரக்கணக்கில் கோத்துச் செய்த நீளமான சங்கிலிகள். பாலிசாக்கரைடு என்பார்கள். இனிப்பெல்லாம் கிடையாது. தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழவென்று நிற்கும்.

இப்போது கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்ற பூஞ்சைக்கு வரலாம். ஈஸ்ட் வகை. புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழும். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். எதிர்ப்புச் சக்தி சரியாக இருப்பவரிடம் பெரும்பாலும் சத்தமில்லாமல் அடங்கிவிடும். எச்.ஐ.வி. முற்றியவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் போன்றோரிடம் நுரையீரலிலிருந்து கிளம்பி மூளைக்குப் போய்விடும். அங்கே உண்டாக்குவது மூளைக்காய்ச்சல். 2020ல் உலகம் முழுவதும் எச்.ஐ.வி. உள்ளவர்களில் சுமார் 1,52,000 பேருக்கு இந்த மூளைக்காய்ச்சல் வந்தது, சுமார் 1,12,000 பேர் இறந்தார்கள் என்று 2022ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதாவது எய்ட்ஸ் சாவுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. பெரும்பங்கு சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்க நாடுகளில். செய்தித்தாளில் இதன் பெயரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இந்தப் பூஞ்சைக்குப் பாடப்புத்தகம் ஒதுக்குவது கால் பக்கம். அதில் சர்க்கரைக்கு ஒரு வரி: காப்சூல் உண்டு, இந்தியா இங்க்கில் போட்டால் தெரியும், வெள்ளணு விழுங்காமல் காக்கும். முடிந்தது. கறுப்பு மைக்கு நடுவே வெள்ளை வளையம் போட்ட அந்த அழகான படத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உறை, கவசம், போர்வை... எல்லாமே சும்மா கிடக்கும் பொருளுக்கான பெயர்கள். கோளாறு இந்தப் பெயரிலேயே ஆரம்பிக்கிறது.

கவசம் என்பது போட்டுக்கொண்டவனோடு இருக்கும். இது அப்படியில்லை. இந்தச் சர்க்கரையின் பெரும்பகுதிக்குக் குளுக்குரோனாக்சைலோமன்னன் என்று பெயர். (வாயில் நுழையாது. ஜி.எக்ஸ்.எம். என்றால் போதும்.) பூஞ்சை இதை உயிரணுவுக்கு உள்ளே தயாரித்து, நுண்ணிய பைகளில் அடைத்து வெளியே அனுப்புகிறது என்று 2006ல் யோனெடாவும் டோரிங்கும் காட்டினார்கள். அந்தப் பைகள் கெட்டியான செல் சுவரையும் தாண்டி முழுசாக வெளியே போய்ச் சேர்வதை 2007ல் ரோட்ரிகஸ் குழு காட்டியது. வெளியே வந்ததில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டி உறையாகிறது. மீதி கழன்று ரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் மிதக்கப் போய்விடுகிறது. பாம்பு விஷத்தை யாராவது பாம்பின் சட்டை என்பார்களா?

மிதந்து போனது சும்மாவும் இருப்பதில்லை. ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்கள் காயம் பட்ட இடத்தில் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்து நின்று, பிறகு வெளியே இறங்க வேண்டும். பிடித்து நிற்க உதவும் எல்-செலக்டின் என்ற கொக்கியை அவை உதிர்த்துவிடும்படி ஜி.எக்ஸ்.எம். செய்கிறது. போலீஸ் வண்டி சம்பவ இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது, இறங்க முடியவில்லை. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால் பூஞ்சை லட்சக்கணக்கில் இருக்கும், வெள்ளணுக்கள் சொற்பமாக இருக்கும். எச்.ஐ.வி. ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

தலைவலி இன்னொன்று. இந்த நோயாளிகள் மண்டை பிளக்கும் வலியோடு வருவார்கள், சிலருக்குப் பார்வையே போகும். காரணம் மண்டைக்குள் ஏறிய அழுத்தம். மூளையைச் சுற்றி ஓடும் நீர் வடிந்து ரத்தத்தில் கலக்க அரக்னாய்டு என்ற சவ்வில் நுண்ணிய வடிகால்கள் இருக்கின்றன. இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்து 2010ல் வெளியான ஆய்வில், அந்த இடங்களில் பூஞ்சை குவிந்து கிடந்தது தெரிந்தது. கொழகொழச் சர்க்கரையோடு சேர்ந்து அது வடிகாலை அடைக்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். சாக்கடை அடைத்துக்கொண்டால் தெருவில் தண்ணீர் நிற்கும். அதே கணக்கு.

இதைப் புரிந்துகொள்வதில் உயிர் எங்கே வருகிறது? மூளையில் அழுத்தம் என்றதும் வீக்கம் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுப்பது பழைய பழக்கம். காசநோய் மூளைக்காய்ச்சலில் அது உதவுகிறது, இதிலும் உதவும் என்று ஒரு நம்பிக்கை. வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, லாவோஸ், மலாவி, உகாண்டா ஆகிய நாடுகளில் டெக்ஸாமெதசோனைச் சோதித்துப் பார்த்தார்கள். சாவு குறையவில்லை. ஊனமும் பக்கவிளைவும் கூடின, பூஞ்சை அழிவதும் மெதுவானது. சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது (முடிவு 2016ல் வெளிவந்தது). உதவுவது என்ன தெரியுமா? முதுகில் ஊசி குத்தித் தண்ணீரை வடித்துவிடுவது. வேறெந்த வித்தையும் இல்லை. அப்படி வடித்துவிடப்பட்ட நோயாளிகளிடம் ஆரம்ப நாட்களின் சாவு 69 சதவீதம் குறைவாக இருந்தது என்கிறது 2014ல் வந்த ஆய்வு. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல அது, உண்மைதான். ஆனாலும் ஓர் ஊசியும் ஒரு கைப்பிடிப் பொறுமையும் சாதிப்பதற்கு இது சின்ன எண் இல்லை.

'சரி சரி, சர்க்கரை மட்டுமா? இந்தப் பூஞ்சைக்கு மெலனின் இருக்கிறது, யூரியேஸ் இருக்கிறது, 37 டிகிரியில் வளரும் திறமை இருக்கிறது' என்று விவரம் தெரிந்தவர்கள் கிளம்புவார்கள். இருக்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் 1994ல் சாங், குவான்-சுங் இருவரும் செய்த சோதனையைப் பாருங்கள். கேப்59 என்ற ஒரே ஒரு மரபணுவை எடுத்துவிட்டார்கள். உறை போயிற்று, எலியைக் கொல்லும் சக்தியும் போயிற்று. மரபணுவைத் திரும்ப வைத்தார்கள். இரண்டும் திரும்பி வந்தன. கிட்டத்தட்ட கிரிஃபித்தின் சோதனைதான், பூஞ்சையில்! சுவாரசியம் என்னவென்றால், அந்த மரபணு போனால் பூஞ்சை சர்க்கரையைத் தயாரிக்காமல் விடுவதில்லை. தயாரித்ததை வெளியே அனுப்ப முடியாமல் தவிக்கிறது என்று 2004ல் தெரியவந்தது. உள்ளே சர்க்கரை இருந்தும் பயனில்லை, கக்கினால்தான் ஆயுதம்.

கிரிப்டோகாக்கஸ் ஏதோ விதிவிலக்கு என்றும் தள்ள முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற காற்றில் பறக்கும் பூசணம், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களின் நுரையீரலைத் தின்பது. அதற்குக் காப்சூல் கிடையாது. ஆனால் கேலக்டோசமினோகேலக்டன் என்ற பிசின் போன்ற சர்க்கரையைக் கக்குகிறது. கக்கிய பிறகு ஒரு நொதியால் அதைக் கொஞ்சம் செதுக்கி நேர்மின்னூட்டம் ஏற்றுகிறது. நம் செல்களின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உள்ளது, ஒட்டிக்கொள்ளக் கேட்கவா வேண்டும். பூஞ்சையின் சுவரில் இருக்கும் பீட்டா-குளுக்கனைப் பார்த்துத்தான் வெள்ளணுக்கள் 'திருடன்' என்று கண்டுகொள்கின்றன. அந்த அடையாளத்தை மூடி மறைப்பதும் இதே பிசின்தான்.

2017ல் டொராண்டோ, மான்ட்ரியல் ஆய்வாளர்கள் இந்தப் பிசினை அறுக்கும் நொதிகளைச் சோதித்தார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் நொதி பூஞ்சையின் பிசினை அறுத்தது, பூஞ்சையின் நொதி பாக்டீரியாவின் பிசினை அறுத்தது. படிக்கும்போது யாருக்கும் புல்லரிக்கும். ஆனால் யோசனை புதிதல்ல. 1930லேயே ரெனே டுபோஸ், நியூ ஜெர்சியின் கிரான்பெர்ரி சேற்றில் கிடந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து நிமோனியா கிருமியின் சர்க்கரையைக் கரைக்கும் நொதியை எடுத்து எலிகளைப் பிழைக்கவைத்தார். யாருடைய ஆய்வகத்தில்? அதே ஏவரியின் ஆய்வகத்தில். பிறகு சல்ஃபா மருந்துகள் வந்தன, பென்சிலின் வந்தது, நொதி மூட்டை கட்டிப் பரணில் போடப்பட்டது. பாக்டீரியாவுக்கு அது சரி. பூஞ்சைக்குப் பென்சிலின் எங்கே இருக்கிறது?

சர்க்கரையை ஏன் எல்லாரும் தவிர்க்கிறார்கள் என்பதற்கு நியாயமான காரணமும் உண்டு, மறைப்பானேன். புரதத்துக்கு மரபணுவில் எழுத்துக்கு எழுத்து வரைபடம் இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி நேரடி வரைபடம் கிடையாது. ஒரே மாதிரியான இரண்டு அமினோ அமிலங்களைக் கோத்தால் வருவது ஒரே டைபெப்டைடு. இரண்டு குளுக்கோஸைக் கோப்பதற்கு 11 வழிகள். இதில் கிளைகள் வேறு. படிக்கக் கஷ்டம், செய்து பார்க்கக் கஷ்டம், மையக் கோட்பாடு என்று எல்லாரும் ஒப்பிக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்ற வரிசையில் இடமும் இல்லை. கஷ்டம் என்பது சரி. கஷ்டமானதால் முக்கியமில்லை என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு. விளக்கு வெளிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் சாவியைத் தேடுகிற ஆசாமியின் கதைதான்.

தடுப்பூசியும் அப்படித்தான் தொக்கி நிற்கிறது. ஹிப் தடுப்பூசியை உருவாக்கிய ராபின்ஸ், ஷ்னீர்சன் கூட்டணி இருந்த அதே அமெரிக்கக் குழுவிலிருந்து 1991ல் ஜி.எக்ஸ்.எம்.மைப் புரதத்தோடு இணைத்த ஊசி வந்தது. எலிகளில் எதிர்ப்பொருள் பொங்கியது. பிறகுதான் தெரிந்தது, அந்த எதிர்ப்பொருள்களில் சில காப்பாற்றுகின்றன, சில ஒன்றுக்கும் உதவுவதில்லை. எந்தச் சர்க்கரை மூலையைப் பிடித்தால் காப்பாற்றும் என்று பிரித்தெடுக்க வேண்டிய வேலை அது. 18பி7 என்ற எதிர்ப்பொருளை நேரடியாக மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்து 2005ல் முடிவும் வந்தது. பாதுகாப்பானது, ரத்தத்தில் சர்க்கரை ஓரளவு குறைந்தது. அவ்வளவோடு நின்றது. எந்தப் பூஞ்சைக்கும் மனிதர்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ஹிப் பணக்கார நாட்டுக் குழந்தைகளையும் தாக்கியது. கிரிப்டோகாக்கஸ் தாக்குவது பெரும்பாலும் மலாவியிலும் உகாண்டாவிலும் மருத்துவமனைத் தரையில் படுத்திருப்பவர்களை. தள்ளுவண்டிக்கு முன்னால் சரக்கை வாங்க ஆளில்லை என்றால் வியாபாரி அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளின் முதல் பட்டியலையே 2022 அக்டோபரில்தான் போட்டது. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் அதில் உச்ச வரிசையில் இருக்கிறது.

இத்தனைக்கும் ஆத்திரம் வருவது தடுப்பூசி இல்லாததால்கூட அல்ல. கையில் இருப்பதைப் பயன்படுத்தாததால்.

பூஞ்சை சர்க்கரையைக் கக்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, திருடன் போகும் வழியெல்லாம் தடயத்தை இறைத்துக்கொண்டே போகிறான். அந்தத் தடயத்தை ரத்தத்தில் பிடிக்கும் பரிசோதனை 1960களிலேயே வந்துவிட்டது. 2011ல் அது ஒரு காகிதப் பட்டையாகச் சுருங்கியது. நெவாடா பல்கலைக்கழகத்தில் தாமஸ் கோசல் ஆய்வகத்தில் உருவான எதிர்ப்பொருள்களை வைத்து ஓக்லஹோமாவில் இருக்கும் இம்மி என்ற நிறுவனம் தயாரிப்பது. (இம்மியளவு சர்க்கரையைப் பிடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில்கூடக் கிடைக்காது.) கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியேதான். ஒரு சொட்டு, 10 நிமிடம், இரண்டு கோடு. ஃப்ரிட்ஜ் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம், பூஞ்சை நிபுணர் வேண்டாம்.

இதன் மகிமை தலைவலிக்குப் பிறகு அல்ல, முன்பு. உகாண்டாவில் நடந்து 2002ல் வெளியான ஓர் ஆய்வு, ரத்தத்தில் சர்க்கரை தெரிந்ததற்கும் நோய் அறிகுறி வந்ததற்கும் நடுவே பாதிப்பேருக்கு 22 நாட்களோ அதற்கு மேலோ இருந்ததைக் கண்டது. மூன்று வாரம்! சி.டி.4 எண்ணிக்கை 100க்குக் கீழே போன எச்.ஐ.வி. நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேரிடம் இந்தச் சர்க்கரை ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கிறது. வெளியே ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். தான்சானியா, ஜாம்பியாவில் இந்தப் பரிசோதனையோடு, வீட்டுக்குப் போய் மாத்திரை எடுக்கிறார்களா என்று பார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்தபோது சாவு 28 சதவீதம் குறைந்தது என்று 2015ல் லான்செட்டில் வந்தது.

'எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தாலே போதுமே, இந்தப் பட்டை எதற்கு' என்ற வாதம் ஒன்று உண்டு. கேட்க நியாயமாக இருக்கும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014ல் வெளியான சோதனை இந்த வாதத்தை உடைத்துப் போட்டுவிட்டது. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வந்தவர்களுக்கு எச்.ஐ.வி. மருந்தை ஓரிரு வாரத்தில் ஆரம்பித்தபோது ஆறு மாதத்துக்குள் 45 சதவீதம் பேர் இறந்தார்கள். ஐந்து வாரம் காத்திருந்து ஆரம்பித்தபோது 30 சதவீதம். அதாவது, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் அவசரமாக நல்ல மருந்தைக் கொடுப்பதே கொல்லக்கூடும். முதலில் சர்க்கரையைத் தேடு, பிறகு மருந்தைத் தொடு. இந்த வரிசையைச் சொல்வதற்கு ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் இதை 2011லேயே சொன்னது. 2018லும் 2022லும் திரும்பச் சொன்னது. பட்டையில் இரண்டு கோடு வந்தால் முதுகிலிருந்து தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் பூஞ்சை இல்லையென்றால் ஃப்ளுகோனசோல் மாத்திரை போதும், ஊர் மருந்துக்கடையில் படர்தாமரைக்கு வாங்குகிற அதே மாத்திரை, அளவு மட்டும் அதிகம். தண்ணீரிலும் பூஞ்சை இருந்தால் லிபோசோமல் ஆம்ஃபோடெரிசின் ஒரே டோஸ், கூடவே 14 நாள் ஃப்ளுசைட்டோசினும் ஃப்ளுகோனசோலும். ஃப்ளுசைட்டோசின் 1957ல் தயாரித்த மருந்து, அதன் காப்புரிமை காலாவதியாகி யுகமாகிறது. அப்படியும் நோய் அதிகமாக இருக்கும் நாடுகளில்தான் அது கிடைக்காமல் இருந்துவந்திருக்கிறது.

பட்டைக்கும் ஒரு குறை உண்டு. பூஞ்சை செத்த பிறகும் சர்க்கரை மாதக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் நோய் குணமானதா என்று பார்க்க இது உதவாது, அதற்குத் தண்டுவட நீரை எடுத்து வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். கக்கியவன் செத்துப்போனாலும் கக்கியது உடம்பில் இருக்கிறது. அந்த மிச்சச் சர்க்கரையை எங்கே, எப்படி உடைத்து வெளியேற்றுவது என்ற கேள்வியை எத்தனை ஆய்வகங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க இரண்டு கை விரல்களே தாராளம்.